வாசல் எந்தப் பக்கம் இருந்தது? 1978 சூறாவளியை ஆராய்ந்த அனுபவம்

மட்டக்களப்பில் வயதில் மூத்த எவரிடமும் "சூறாவளி" என்று மட்டும் சொன்னால் போதும், எந்தச் சூறாவளி என்று அவர் திருப்பிக் கேட்கமாட்டார். வட இந்து சமுத்திரப் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இல்தான் தொடங்கியது. அதனால் 1978 நவம்பர் 23ஆம் திகதி வியாழக்கிழமை இரவு கிழக்குக் கரையில் ஏறிய அந்தப் புயலுக்குப் பெயரே இல்லை. அது தீவைக் குறுக்காகக் கடந்து, மன்னார் வளைகுடாவில் இறங்கி, மறுநாள் இராமநாதபுரக் கரையையும் தாக்கியது. இலங்கையில் ஏறத்தாழத் தொள்ளாயிரம் உயிர்கள் போயின. பாதிக்கப்பட்டோர் பத்து இலட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது.

என்னுடைய பட்டமேற்படிப்பு ஆய்வுக்கு இந்த இரவையே எடுத்துக்கொண்டேன். அழிவின் மொத்தக் கணக்கு ஏற்கெனவே பலவிடங்களில் இருந்தது. ஊருக்கு ஊர் அந்த இரவு எவ்வாறு வேறுபட்டது என்பது எங்கும் இல்லை. நான் வரலாறு படித்தவன். ஆனால் இந்தக் கேள்வி என்னைக் காற்றின் இயல்பையும், பஞ்சாங்கத்தையும், தென்னையின் வளர்ச்சியையும், எங்கள் பேச்சுத் தமிழை எழுத்தில் பெயர்க்கும் முறையையும் கற்கவைத்தது. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ இத்தகைய ஊர்சார் ஆய்வொன்றைத் தொடங்கும் மாணவருக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணி, களத்தில் எனக்குக் கைகொடுத்த வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன்.

ஏடுகளைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் அக்காலப் பத்திரிகைகளைப் பார்க்கலாம். ஈழத்துப் பழைய இதழ்கள் பல நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலும் கிடைக்கின்றன. பத்திரிகையில் எடுத்த ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது அச்சான திகதியைக் கட்டாயம் எழுத வேண்டும். தொலைபேசிக் கம்பிகளும் வீதிகளும் துண்டிக்கப்பட்டிருந்த முதல் நாட்களில் தலைநகருக்கு எட்டிய எண்ணும், வாரங்கள் கழித்துத் தொகுக்கப்பட்ட எண்ணும் ஒரே பொருளைக் குறிப்பன அல்ல. அரசாங்க ஏடுகளைத் தேடுவோர் எல்லைகளைக் கவனிக்க வேண்டும். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். ஆகவே 1957 டிசம்பர்ப் பெருவெள்ளத்தின்போது கல்முனையும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பு மாவட்டக் கணக்கில் வரும், 1978இல் வரமாட்டா. பிரதேச செயலகங்கள் 1992இல் ஏற்பட்டவை என்பதால், அதற்கு முந்திய தாள்களை உதவி அரசாங்க அதிபர் பிரிவுகளின் பெயரில் தேட வேண்டும். குடிசனமதிப்பு வகையில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. 1971, 1981 ஆகிய இரண்டும் புயலுக்கு இருபுறமும் நிற்கின்றன. 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் தழுவிய கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. சமூகத்தை ஆராய்வோருக்கு அந்த இடைவெளி பெரும் தடை.

ஏடுகள் இவ்வளவையும் தரும். ஓர் ஊரில் கூரை எப்போது பறந்தது, எந்தப் பக்கத்துக் காற்று பறித்தது, நடுவில் ஓய்வு இருந்ததா என்பவற்றை அவை தருவதில்லை. அதற்கு மனிதரிடம்தான் போக வேண்டும்.

மனிதரிடம் போனால் முதற்சிக்கல் காலம். கிழக்கில் வெள்ளமும் புயலும் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவில் படிந்திருக்கின்றன. 1957 வெள்ளம், 1964 டிசம்பரில் வடகிழக்கைக் கடந்து இராமேசுவரத்தை அழித்த புயல், 1978, 2000 டிசம்பரில் திருகோணமலைப் பக்கம் ஏறிய புயல், 2004 ஆழிப்பேரலை, 2011 சனவரி வெள்ளம் ஆகிய அனைத்தும் மாரி காலத்தவை. ஒருவர் சொல்லும் காட்சி எந்த ஆண்டுக்குரியது என்பதை அவரிடம் ஆண்டைக் கேட்டு உறுதிசெய்ய முடியாது. ஆண்டைக் கேட்டால் நாம் எதிர்பார்க்கும் ஆண்டையே மரியாதைக்காகச் சொல்லிவிடுவார்கள். ஆகவே, "வேளாண்மை அப்போது எந்த அளவில் நின்றது?" என்று கேட்கத் தொடங்கினேன். நவம்பர் கடைசியில் மாரி வேளாண்மை இளம்பயிராகவே நிற்கும். நெற்கதிரையோ வெட்டுக் காலத்தையோ பற்றி ஒருவர் பேசினால், அவர் பெரும்பாலும் சனவரி, பெப்ரவரி வெள்ளமொன்றைச் சொல்லுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வயல் நிலச் சொந்தக்காரரான போடியாரும் சரி, கூலிக்கு வயலில் நின்றவரும் சரி, பயிரின் உயரத்தில் தடுமாறுவதில்லை.

அடுத்தது பண்டிகைகள். அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு வாரங்கள் ஆவதற்குள் புயல் வந்தது. கார்த்திகை விளக்கீடு அதற்குப் பின்னரே, டிசம்பர் நடுப்பகுதியில் வந்தது. கிறிஸ்தவர்களுக்குக் கிறிஸ்மஸ் ஒரு மாதத் தொலைவில் இருந்தது. முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஒரு விதமாகவும் தமிழ் ஊரான கல்லடியில் வேறு விதமாகவும் கேட்க வேண்டியிருந்தாலும், விடைகள் ஒரே வாரத்தில் வந்து சந்தித்தன. உறவினரை இழந்த இந்துக் குடும்பங்களிடம் இதைவிட உறுதியான சான்று உண்டு. அவர்கள் ஆண்டுத் திவசத்தைத் திதி பார்த்துச் செய்கிறார்கள். கார்த்திகைத் தேய்பிறையில் அந்தத் திதி இன்றும் காக்கப்படுகிறது. திகதியை மறந்த குடும்பம் திதியை மறக்கவில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை இன்னொரு நுட்பம் இருக்கிறது. வானிலை வரைபடங்கள் கிறீனிச் நேரத்தில் குறிக்கப்படுவன. நமது நேரம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. வரைபடத்தில் 23ஆம் திகதி மாலை 7.30 என்று இருப்பது நமக்கு 24ஆம் திகதி அதிகாலை ஒரு மணி. அதே நேரத்தைப் பத்திரிகை "வெள்ளி அதிகாலை" என்று எழுதும். விடிந்தால்தான் அடுத்த நாள் என்று கணக்கிடும் மூத்தோரோ "வியாழன் சாமம்" என்பார்கள். மூவரும் ஒரே நேரத்தைத்தான் சொல்லுகிறார்கள். இதை முரண்பாடு என்று அடிக்குறிப்பு எழுதிய ஆய்வுகள் உண்டு. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிப் பார்த்திருந்தால் அந்தக் குறிப்பே தேவைப்பட்டிராது. என் கோப்பில் ஒவ்வொரு சாட்சியத்துக்கும் மூன்று நிரல் வைத்தேன்: சொன்னவர் சொன்னபடி, இலங்கை நேரப்படி, கிறீனிச் நேரப்படி. முதல் நிரலை ஒருபோதும் திருத்துவதில்லை.

இனி ஆய்வின் உயிர்நாடியான பகுதிக்கு வருகிறேன். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து மேற்கே நகரும் புயலின் முன்பக்கத்தில் வடக்குக் காற்றும் பின்பக்கத்தில் தெற்குக் காற்றும் வீசும். புயலின் கண், அதாவது காற்று ஓய்ந்த அதன் நடுப்பகுதி, நேராகக் கடக்கும் ஊரில் முதலில் வடக்குக் காற்று அடிக்கும், பிறகு அமைதி, பிறகு திடீரெனத் தெற்கிலிருந்து அடிக்கும். கண்ணுக்கு வடக்கே உள்ள ஊரில் அமைதி இராது. காற்று வடக்கு, கிழக்கு, தென்கிழக்கு என்று படிப்படியாகத் திரும்பும். தெற்கே உள்ள ஊரில் அது மேற்குப் பக்கமாகத் திரும்பும். எனவே ஊர் ஊராகக் காற்றின் திசைமாற்றத்தைக் கேட்டு வரைந்தால், கண் சென்ற பாதை தானாகவே தெரியவரும். எழுதப்படிக்கத் தெரியாத ஒரு மீனவரின் நினைவும் பௌத்தாலோக மாவத்தையிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஏடும் ஒரே மேசையில் அமரக்கூடிய இடம் இது.

ஆனால் "காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது?" என்று கேட்டால் பெரும்பாலோர் "எல்லாப் பக்கத்தாலயும்தான்" என்பார்கள். கூரை பறக்கும் இரவில் திசை பார்த்தவர் யார்? கடலுக்குப் போனவர்கள் விதிவிலக்கு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசையோடு பிரித்துச் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு நாளாந்தத் தொழிலில் வந்தது. மற்றவர்களிடம் நான் வீட்டைக் கேட்டேன். வாசல் எந்தப் பக்கம் இருந்தது? குசினி எங்கே? எந்தப் பக்கத்துக் கிடுகு அல்லது தகரம் முதலில் எழும்பியது? நீங்கள் எந்தச் சுவரோடு ஒதுங்கினீர்கள்? பிறகு அந்தச் சுவரை விட்டு எழுந்து வேறு இடத்துக்கு ஓட வேண்டி வந்ததா? அதன் பின்னர் ஒரு குச்சியால் முற்றத்து மணலில் வீட்டை வரையச் சொல்வேன். வரையத் தொடங்கியதும் விடை மாறும். "எல்லாப் பக்கத்தாலயும்" என்றவர் குசினிப் பக்கத்துக் கூரை முதலில் போனதையும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர்ச்சுவருக்கு ஓடியதையும், சிறிது நேரத்தில் அந்தச் சுவரே உள்ளே விழுந்ததையும் வரிசையாகச் சொல்வார்.

இதில் ஓர் இடர் உண்டு. அந்த வீடு இன்று இராது. புயலுக்குப் பின் ஒருமுறை, போரில் இடம்பெயர்ந்து மீண்டபின் ஒருமுறை, சில கரையோரங்களில் ஆழிப்பேரலைக்குப் பின் இன்னொரு முறை என்று வீடுகள் மாறிவிட்டன, வாசலும் திரும்பிவிட்டது. கிணறு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே கிணற்றை மையமாக வைத்துப் பழைய வீட்டை வரையச் செய்தேன். "கிணற்றடிக்குப் போக எந்தக் கதவால் இறங்குவீர்கள்?" என்ற ஒரு கேள்வியே பழைய வீட்டின் திசையை மீட்டுத் தந்துவிடும். கைபேசியின் திசைகாட்டியைக் கிணற்றுக்கட்டில் வைத்துத் திசையைக் குறித்துக்கொள்ளலாம். இரும்புக் கப்பிக்கு அருகில் மட்டும் வைக்கக்கூடாது. இந்த வழியை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, முறையியல் நூல்களிலும் நான் கண்டதில்லை. கரையோர ஊரொன்றில் ஒரு மூதாட்டி தானாகவே கிணற்றடியில் போய் நின்றுகொண்டு கைகாட்டி விளக்கியபோது கிடைத்தது.

அந்த அம்மா சொன்னதை அவருடைய சொல்லிலேயே தருகிறேன்: "காத்து ஓஞ்சிட்டெண்டு வெளிய வந்தம் மனே. வானத்தில வெள்ளியும் தெரிஞ்சிச்சு. மறுகா மத்தப் பக்கத்தால வந்து அடிச்சிச்சு." பேரழிவு இரவில் வானில் வெள்ளி, அதாவது விண்மீன், தெரிந்தது என்பதைக் கற்பனை என்று ஒதுக்கத் தோன்றும். புயற்கண்ணுக்குள் மேகம் விலகி வானம் தெளிவது உண்டு என்பதை அறிந்தவருக்கு, அவருடைய மூன்று வாக்கியங்களும் ஒழுங்கான அவதானிப்பு. மாறாக, வேறொருவர் இரவின் முற்பகுதியிலேயே நிலா வெளிச்சத்தில் மரங்கள் விழுவதைப் பார்த்ததாகச் சொன்னார். அன்று தேய்பிறை; நவம்பர் 30 அமாவாசை. அத்தகைய நாளில் நிலா நள்ளிரவை ஒட்டியே எழும். ஆகவே அந்தக் காட்சி வேறொரு இரவுக்கோ பிந்திய நேரத்துக்கோ உரியது என்று குறித்துவைத்தேன். பழைய பஞ்சாங்கம் ஒன்று அல்லது நிலவின் நிலையைக் கணக்கிடும் செயலி ஒன்று வாய்மொழி வரலாற்று மாணவரின் பையில் இருக்க வேண்டும். அதற்காகப் பொய் கண்டுபிடிக்கும் அதிகாரிபோல் முன்னால் உட்கார்ந்து சரிபார்க்கக் கூடாது. கேட்கும் நேரத்தில் கேட்க வேண்டும். ஒப்பிடுவதை வீட்டுக்குப் போய்ச் செய்ய வேண்டும்.

தென்னையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்ற மரங்களைப்போல் தென்னைக்கு ஆண்டு வளையம் இல்லை. குறுக்கே வெட்டிப் பார்த்து வயது சொல்ல முடியாது. ஆனால் அதன் வளர்ச்சி உச்சியிலுள்ள குருத்தில் மட்டுமே நடப்பதால், காற்றில் சாய்ந்து வேர் அறாமல் பிழைத்த இளமரம், சாய்ந்த பகுதியை நிமிர்த்த முடியாமல், அங்கிருந்து மேலே மட்டும் நிமிர்ந்து வளரும். அந்த வளைவு மரம் உள்ளவரை நிற்கும். கீழ்ப்பகுதி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வந்திருக்க வேண்டும். நெட்டைத் தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு ஓலை விடும்; ஓலை விழுந்த தழும்பு தண்டில் வளையமாக நிற்கும். வளைவுக்கு மேலுள்ள தழும்புகளைக் கொண்டு சாய்ந்த காலத்தை மதிப்பிடலாம். முழு மரத்தையும் எண்ணுவது இயலாத காரியம். அடியிலும் இயன்ற உயரத்திலும் ஒரு மீற்றருக்கு எத்தனை என்று எண்ணி, மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. வாவிக்கரைத் தென்னை வெளிச்சத்தைத் தேடித் தண்ணீர்ப் பக்கம் சாயும். மண் அரித்தாலும் சாயும். எனவே கரையோர மரங்களை விலக்கி, தோட்டத்தின் நடுவே ஒரே பக்கம் வளைந்த பழைய மரங்கள் பல சேர்ந்து நிற்கும் இடங்களை மட்டும் எடுத்தேன். அந்தத் தோட்டக்காரர்களில் சிலர், அன்று விழுந்த மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தன என்றார்கள். அடியில் கிடந்தது எந்தப் பக்கம் நோக்கி, மேலே கிடந்தது எந்தப் பக்கம் நோக்கி என்று கேட்டால், காற்று திரும்பிய ஒழுங்கு கிடைத்துவிடுகிறது.

இந்த மரங்கள் குறைந்து வருகின்றன. காணி விற்கப்படுகிறது, முதிர்ந்த மரம் பலகைக்குப் போகிறது. படமெடுத்து, திசையும் இடமும் குறித்துவைப்பதைப் பள்ளிக்கூட மாணவர்களே செய்யலாம். தாவரவியல் படிப்பவர் ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும்போது பேச்சை ஏட்டுத்தமிழாக்கும் ஆசை எழும். அதைத் தவிர்க்க வேண்டும். மேலே தந்த சாட்சியத்தில் "மறுகா" (பிறகு) வரும் இடமே அமைதிக்கும் இரண்டாம் காற்றுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு. அதை "மேலும்" என்றோ "அத்தோடு" என்றோ மாற்றினால் நிகழ்வின் வரிசை கலைந்துவிடும். நான் முதலில் ஒலித்தபடி எழுதி, ஆய்வேட்டுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் எழுத்துத் தமிழில் பொருளைத் தந்தேன். முஸ்லிம் ஊர்ப் பேச்சையும் தமிழ் ஊர்ப் பேச்சையும் அந்தந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் மறுபடி கேட்டுத் திருத்துவது நல்லது. ஐந்து மைல் இடைவெளியிலும் எங்கள் பேச்சு மாறும்.

யாரைக் கேட்பது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று உண்டு. வீட்டுக்குப் போனதும் ஆண்கள்தான் முன்விறாந்தையில் அமர்ந்து பேசுவார்கள். தொகையும் சேதமும் நிவாரணமும் அவர்கள் வாயில் வரும். வீட்டுக்குள் அந்த இரவு எவ்வாறு கழிந்தது என்பதைப் பெண்களே அறிவார்கள், ஏனெனில் எந்தப் பிள்ளை எந்த மூலையில் இருந்தது என்பதைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கணவர் அருகிலிருக்கும்போது அவரைப் பார்த்துவிட்டே பேசும் பெண், கிணற்றடியிலோ குசினியிலோ தனியே தெளிவாகப் பேசுவார். என்னுடன் வந்த தோழி இல்லாதிருந்தால் ஆய்வின் பாதி கிடைத்திராது. ஆண் மாணவர்கள் தனியே போய்ப் பெண்களின் சாட்சியம் கிடைக்கவில்லை என்று எழுதுவது ஆய்வு முடிபு ஆகாது.

எங்கள் மாவட்டங்களில் 1978ஐக் கேட்கப் போனால் 1978இல் நிற்க முடியாது. "அப்ப இவர் இருந்தவர்" என்று ஒரு பெயர் வரும். அடுத்த வாக்கியம் போர்க்காலமான 1990க்கோ ஆழிப்பேரலை வந்த 2004க்கோ போய்விடும். அந்த இடத்தில் ஒலிப்பதிவுக் கருவியை எல்லோரும் காண நிறுத்திவிட வேண்டும். அவர்கள் இசைவு தந்தது புயலைப் பற்றிப் பேசுவதற்கு. காணாமற்போன மகனைப் பற்றிப் பேசியது நம்மை மனிதராக எண்ணியதால். அதைக் குறிப்பேட்டிலும் எழுதக்கூடாது. பேச்சைப் புயலுக்குத் திருப்ப அவசரப்படவும் கூடாது. தேநீர் குடித்து முடித்து, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழும்பிவிடலாம். ஆய்வேட்டில் பேசியவர்களின் பெயரை மட்டுமன்றிச் சிறிய ஊர்களின் பெயரையும் மறைத்தேன். நூறு வீடுள்ள ஊரில் "அன்று இரு பிள்ளைகளை இழந்த தாய்" என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

ஒரே ஊருக்குள் ஒத்துவராத சாட்சியங்களை என்ன செய்வது என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பெரும்பான்மை எண்ணி முடிவு செய்ய வேண்டாம் என்பேன். அமைதி இருந்தது என்று சிலரும் இல்லை என்று சிலரும் சொன்ன ஓர் ஊரில், வீடுகளை வரைபடத்தில் இட்டுப் பார்த்தேன். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு மைலுக்கு ஓர் அங்குல வரைபடம் இதற்குப் போதும். அமைதியைச் சொன்னவர்கள் பெரும்பாலும் ஊரின் ஒரு பக்கத்திலேயே இருந்தார்கள். கண்ணின் விளிம்பு ஊரைக் கடந்திருக்கக் கூடும். அல்லது அந்தப் பக்கத்தவர்கள் பிற்காலத்தில் ஒரே இடத்தில் தங்கியிருந்தபோது ஒருவர் கதையை மற்றவர் தம்முடையதாக்கியிருக்கவும் கூடும். இரண்டையும் எழுதிவிட்டு, எதற்குச் சான்று அதிகம் என்பதையும் எழுதினேன். இரண்டாவது ஐயத்தைத் தீர்க்க, அந்தப் பக்கத்திலிருந்து புயலுக்குப் பின் உடனே வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தவர்களைத் தேடிக் கேட்க வேண்டும். அவர்களில் இருவரின் பிள்ளைகளுடைய தொலைபேசி இலக்கங்கள் இப்போதுதான் கிடைத்திருக்கின்றன.